கையில் ரெண்டு ஏழு

போன நவம்பரில் ஒரே ராத்திரியில் 750 ரூபாய் விட்டேன். அதில் 250 ஒரு வகை முட்டாள்தனத்துக்கு. மீதி 500 அதற்கு நேர்மாறான முட்டாள்தனத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிஷம்கூட இல்லை. தொகை பெரிதில்லை, கேஸ் சிலிண்டர் ஒன்று வாங்கக்கூடக் காணாது. ஆனால் நான் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கெழுதுகிறவன். காசு போனதைவிடக் கணக்கு தப்பியதுதான் உறுத்தியது.

எங்கள் செட்டில் எட்டுப் பேர். பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் வீட்டில்தான் ஆட்டம். எங்கள் ஃபேக்டரி டீமேக்கர் அண்ணன், லாரி வைத்திருப்பவர் ஒருவர், மெடிக்கல் ஷாப்காரர், இன்னும் சிலர். எல்லோரும் ஒரு காலத்து ரம்மிக்காரர்கள். மாஸ்டரின் மகன் பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி சிப், காசுக்குப் பதில் வைத்து ஆடும் வில்லைகள், கொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்து போக்கர், அதிலும் டெக்ஸாஸ் ஹோல்டெம் மட்டும். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக மேசையில். வெள்ளிக்கிழமை கேஷ் கேம், அதில் சிப்பே காசு. பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்கிற காசு, 2 ரூபாய், 5 ரூபாய். 500 ரூபாய்க்குச் சிப் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை டோர்னமென்ட், அதில் சிப் தீர்ந்தவர் அவுட். ஆளுக்கு 250, மொத்தம் 2000. ஜெயித்தவருக்கு 1000, இரண்டாவது ஆளுக்கு 600, மூன்றாவது ஆளுக்கு 400. நாலாவது ஆளுக்கு டீயும் வர்க்கியும்.

அன்றைக்குச் சனிக்கிழமை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து வண்டி எதுவும் இறங்கவில்லை. லாரிக்காரர் மத்தியானத்திலிருந்தே சும்மா இருந்தார். சும்மா இருந்தால் அவருக்குக் கை துறுதுறுக்கும். ஆளுக்கு 1500 சிப். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மாஸ்டரின் போனில் சேவல் கூவும், பிளைண்ட் ஏறும். ஒன்பதரை மணிக்கு நாலு பேர் மிச்சம், நாலு பேரிடமும் ஏறக்குறைய 3000 சிப். பிளைண்ட் 100, 200.

லாரிக்காரர் சீட்டைப் பார்த்தார். இரண்டு கையாலும் மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். அடுத்தது நான். சீட்டின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தேன். இஸ்பேட் ஏழு, டைமன் ஏழு.

இவர் கண்டதையும் தள்ளுகிறவர், நம் கையில் ஜோடி இருக்கிறது, அவ்வளவுதான் யோசித்தேன். கால். அவர் தள்ளியதற்குச் சமமாக நானும் வைத்தேன். அவர் திறந்தது ஏஸ், ராஜா. மேசையில் முதலில் விழும் மூன்று சீட்டு ஃப்ளாப், அதில் ஒன்றுமில்லை. நாலாவது சீட்டான டர்னிலும் இல்லை. கடைசிச் சீட்டான ரிவரில் ராஜா வந்து உட்கார்ந்தார். நான் அவுட்.

டீமேக்கர் அண்ணன் அதற்கு முன் அரைமணி நேரமாக ஒரு கைகூட ஆடவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்க, எனக்கு நானூறு உறுதியாச்சு. நான் டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான்."

கிண்டல் என்று நினைத்தேன். அவர் கணக்குச் சொல்லியிருக்கிறார் என்பது வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் புரிந்தது.

ஆனால் உடனே வீட்டுக்குப் போக முடியாது. எங்கள் பக்கம் இருட்டிய பிறகு தனியாக நடந்தால் கரடி எதிரே வரும். அதனால் அவுட் ஆனவனும் ஆட்டம் முடிகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும், எல்லோரும் சேர்ந்து ஜீப்பில் போவோம். அப்படிக் காத்திருப்பவர்களுக்காக அடுப்படிப் பக்கம் ஒரு சின்ன மேசை, அதில் கேஷ் ஓடும். கடுப்போடு போய் 500 கொடுத்து உட்கார்ந்தேன்.

மேசை மாறிவிட்டது, தலை மாறவில்லை. ராஜாவும் நாலும் வந்தால் ரெய்ஸ், அதாவது தொகையை ஏற்றி மற்றவர்களை விரட்டுவது, ஏழு ரூபாய் பிளைண்ட்டைத் திருட 20 ரூபாய். பெரிய மேசையில் அதுதான் பிழைப்பு, இங்கேயும் கை தானாகப் போனது. அப்புறம் ஏஸ், ஜாக் வந்தது. 20 ஆக்கினேன், இரண்டு பேர் கால். ஃப்ளாப் ஜாக், எட்டு, நாலு. நடுவில் 60 சொச்சம், என் முன்னால் 450 சொச்சம். மொத்தத்தையும் தள்ளினேன். மெடிக்கல் ஷாப்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, என் சிப்பை எண்ணிப் பார்த்து, கால் என்றார். கையில் இரண்டு நாலு. மேசையில் ஒன்று, ஆக மூன்று நாலு.

"என்ன கணக்கு, கணக்கு தப்பிடுச்சா?" என்றார். ஊரில் எனக்குப் பெயரே கணக்குதான்.

இப்போது அந்த ஏழு ஜோடிக்கு வருகிறேன். மேசையில் லாரிக்காரர் தன் சீட்டை முன்கூட்டியே திறந்து காட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஸ், ராஜா. ஏழு ஜோடி அதை ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 55 சதவீதம். கேஷ் மேசையாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கால். நான் போடுவது 3000, ஜெயித்தால் பிளைண்ட்டோடு 6300, 48 சதவீதம் இருந்தாலே கட்டுப்படியாகும். நூறு தடவை அதே சூழ்நிலை வந்தால் நான்தான் லாபத்தில் இருப்பேன்.

டோர்னமென்ட்டில் அந்த 3000 சிப்புக்கு என்ன விலை? நாலு பேரிடமும் சமமான சிப், பரிசு 2000, ஆகவே ஆளுக்கு 500 ரூபாய். சரி, நான் ஜெயித்து 6000 ஆக்கிவிட்டேன். மற்ற இரண்டு பேரிடமும் 3000. மொத்தச் சிப்பில் பாதி என்னிடம், எனவே முதலிடம் வர எனக்குப் பாதி வாய்ப்பு. இரண்டாம் இடத்துக்கு மூன்றில் ஒன்று, மூன்றாம் இடத்துக்கு ஆறில் ஒன்று. ஆயிரத்தில் பாதி 500, அறுநூறில் மூன்றில் ஒன்று 200, நானூறில் ஆறில் ஒன்று 67. கூட்டினால் 767. சிப் இரண்டு மடங்காகிவிட்டது, ரூபாய் மட்டும் 500லிருந்து 767க்குத்தான் ஏறியது. (பிளைண்ட்டைச் சேர்க்காத தோராயக் கணக்குதான். ஐ.சி.எம்., இன்டிபென்டென்ட் சிப் மாடல், என்று இதற்குப் பெயர்.)

தோற்றால் போவது 500, ஜெயித்தால் வருவது 267. கால் பண்ண 65 சதவீதம் வேண்டும். என்னிடம் இருந்தது 55. அவர் சீட்டைத் திறந்து காட்டியிருந்தால்கூட நான் ஏழு ஜோடியை வீசிவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். ஏஸ்-ராஜாவுக்கு எதிராக ராணி ஜோடிக்கே 57தான். அவர் சீட்டைப் பார்க்காமலே தள்ளியிருந்தால்? எந்த இரண்டு சீட்டுக்கும் எதிராக ஏழு ஜோடிக்கு 66. மயிரிழை. அவர் பார்த்துவிட்டுத் தள்ளினார்.

மிச்சக் காசு எங்கே போனது? டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரிடம். நான் அவுட் ஆன அந்த நிமிஷத்தில் அவர்கள் பங்கு ஆளுக்கு 500லிருந்து 617 ஆனது. என் 500இல் லாரிக்காரருக்கு 267, மீதி 233ஐ ஒரு சீட்டும் தொடாமல் அவர்கள் பிரித்துக்கொண்டார்கள். கேஷ் மேசையில் இது நடக்கவே நடக்காது. அங்கே நான் விட்ட காசு என்னை ஜெயித்தவர் பைக்கு மட்டும்தான் போகும், பக்கத்தில் இருப்பவருக்கு வேடிக்கை மட்டும்தான்.

எங்கள் தொழிலில் பச்சைத்தேயிலை முதல் கிலோவுக்கும் நூறாவது கிலோவுக்கும் அன்றைக்கு ஒரே விலை. கேஷ் சிப் அப்படி. ஐந்து ரூபாய் சிப் எப்போதும் ஐந்து ரூபாய், எழுந்து போனால் மாற்றிக்கொள்ளலாம். டோர்னமென்ட் சிப்பை எங்கேயும் மாற்ற முடியாது. என்னிடம் இருக்கிற கடைசிச் சிப்தான் விலை அதிகம், அதிகமாகச் சேர்க்கிற ஒவ்வொன்றும் மலிவு.

ரம்மிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாயிண்ட் ரம்மியில் மோசமான கை வந்தால் ஸ்கூட், அதாவது ஆடாமல் விலகுவது, 20 பாயிண்ட்டோடு போச்சு, அடுத்த ஆட்டம் புதுசு. 101 பாயிண்ட் சேர்ந்தால் அவுட் ஆகிற 101 பூலில் 80 வரை இருக்கிறவன் ஸ்கூட் போடலாம், 81இல் இருக்கிறவன் போட்டால் அவுட். கை குப்பையாக இருந்தாலும் ஆடித்தான் ஆக வேண்டும். அதற்கு முன்பும், ஐந்து தடவை ஸ்கூட் போட்டால் 100. நல்ல கைக்காகக் காத்துக்கொண்டே இருந்தவன் காத்திருந்தே செத்துப்போவான். நாங்கள் எல்லோரும் இருபது வருஷம் பூல் ஆடியவர்கள். அந்தப் புத்தியைப் போக்கர் மேசைக்குக் கொண்டுவர எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

காத்திருப்பதைப் பற்றி ஒரு கணக்கு. ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒரு தடவை வரும். எங்கள் மேசையில் மணிக்கு 25 கை ஓடினால் பெரிது. ஒரு ஏஸ் ஜோடிக்கு ஒன்பது மணி நேரம், விடிந்துவிடும். அதற்குள் சேவல் எத்தனை தடவை கூவும்! ஒரு சுற்றுக்குப் பிளைண்ட் எவ்வளவு, என் சிப் எத்தனை சுற்று தாங்கும் என்றுதான் டோர்னமென்ட்டில் முதலில் பார்க்க வேண்டும். இந்த எண்ணை எம் என்பார்கள், பேக்கமன் ஆட்டக்காரர் பால் மாக்ரியல் பெயரின் முதலெழுத்து. 100, 200 பிளைண்ட்டில் சுற்றுக்கு 300. 3000 சிப் பத்து சுற்று. எட்டுப் பேர் இருந்தால் பத்து சுற்று என்பது எண்பது கை. நாலு பேரானால் நாற்பதே கை. ஆள் குறையக் குறைய மேசை வேகமாகச் சாப்பிடும். இதை நான் கவனித்ததே இல்லை.

அதனால்தான் அங்கே பிளைண்ட் திருடுவது பிழைப்பு என்றேன். 300 சிப் என் 3000இல் பத்தில் ஒரு பங்கு. கேஷில் 7 ரூபாய் என் 500இல் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அந்த ஏழு ரூபாய்க்காக ராஜா-நாலை வைத்துக்கொண்டு 20 ரூபாயை நீட்டுகிறவன், அன்றைக்கு நான்.

அதே ஏழு ஜோடி கேஷில் வேறு சீட்டு. யாராவது 20 ரூபாய் ரெய்ஸ் செய்தால் நான் 20 கொடுத்து ஃப்ளாப் பார்ப்பேன். மூன்றாவது ஏழு விழுவது எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு தடவை. விழவில்லை, எதிரே சத்தம் வருகிறது என்றால் வீசிவிடுவேன். எட்டு தடவை வீசினால் 160 ரூபாய். விழுகிற அந்த ஒரு தடவை அதற்கு மேல் வாங்க வேண்டும், அதற்கு எதிராளியிடம் காசு இருக்க வேண்டும். 20 கொடுக்கும் முன் அவர் முன்னால் 300ஆவது இருக்கிறதா என்று பார்ப்பது என் பழக்கம். மெடிக்கல் ஷாப்காரர் நாலு ஜோடியை வைத்து என்னிடம் செய்தது இதைத்தான். 20 ரூபாய்க்கு எட்டிப் பார்த்தார், 450ஐத் தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

டோர்னமென்ட்டில் 3000 சிப்போடு இதைச் செய்ய முடியாது. ஒரு ரெய்ஸே 500 ஆகிவிடும். எட்டு தடவை எட்டிப் பார்க்க ஆறு தடவைக்குத்தான் சிப் இருக்கிறது. அங்கே ஏழு ஜோடிக்கு இரண்டே வழி. எனக்கு முன்னால் யாரும் எதுவும் செய்யவில்லை என்றால் நானே மொத்தத்தையும் தள்ளுவது. தள்ளினால் மற்றவர்களுக்குத்தான் அந்த 65 சதவீதத் தலைவலி, பாதி நேரம் எல்லோரும் வீசிவிடுவார்கள், பிளைண்ட் எனக்கு. யாராவது முந்திக்கொண்டு தள்ளிவிட்டால் வீசுவது. காசு வரிசைக்கு ஒரு படி கீழே நிற்கும்போது தள்ளுகிறவனாக இருக்க வேண்டும், கால் பண்ணுகிறவனாக இருக்கக் கூடாது. லாரிக்காரர் இதெல்லாம் தெரிந்து செய்கிறாரா என்று கேட்டால், இல்லை, அவர் சுபாவம் அது. சுபாவமே சரியான ஆட்டமாக அமைகிற அதிர்ஷ்டம் சிலருக்கு உண்டு. வெள்ளிக்கிழமை கேஷில் அதே சுபாவத்துக்கு அவர் வட்டியோடு கட்டிவிடுகிறார்.

ஏஸ்-ஜாக் கையும் அப்படித்தான். நடுவில் 60, கையில் 450, ஏழு மடங்கு. அத்தனையும் தள்ளினால் என்னைவிட மோசமான கை எல்லாம் ஓடிவிடும், என்னைவிட நல்ல கை மட்டும் உட்கார்ந்திருக்கும். ஜாக் ஜோடியை வைத்துக்கொண்டு 40 ரூபாய் பெட் கட்டியிருந்தால் ஜாக்-பத்து வைத்திருப்பவர் கால் பண்ணியிருப்பார், மெடிக்கல் ஷாப்காரர் ஏற்றியபோது நான் எழுந்து டீ போடப் போயிருக்கலாம். டோர்னமென்ட்டில் அதே கை, நடுவில் 1300, கையில் 2500, இரண்டு மடங்குகூட இல்லை. அங்கே தள்ளுவதுதான் முறை. கைக்கு மதிப்புப் போடும் முன் நடுவில் இருப்பது எவ்வளவு, என் முன்னால் இருப்பது அதைப்போல எத்தனை மடங்கு என்று பார்க்கிற பழக்கம் அந்த 500 ரூபாயில் வாங்கியது.

டிவியும் யூடியூபும் நம்மைக் கெடுத்திருக்கின்றன என்பது என் கட்சி. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்கிற அமெரிக்கக் கணக்காளர் 86 டாலர் தகுதிச் சுற்றிலிருந்து வந்து, 839 பேர் ஆடிய உலகப் போக்கர் தொடரின் மெயின் ஈவன்ட்டில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். நானும் கணக்கெழுதுகிறவன் என்பதால் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதில் காட்டுவது டோர்னமென்ட்டின் கடைசி மேசை, வெட்டி ஒட்டிய கைகள், பத்து நிமிஷத்துக்கு ஓர் ஆல் இன், அதாவது மொத்தத்தையும் தள்ளுவது. அதைப் பார்த்துக் கேஷ் கற்றுக்கொள்வது, சைக்கிள் ரேஸ் பார்த்து ஜீப் ஓட்டக் கற்றுக்கொள்வது மாதிரி.

கேஷில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, எழுந்து போகலாம். அதை நாங்கள் யாரும் செய்வதில்லை என்பது வேறு விஷயம். தூக்கம் வந்தால், எரிச்சல் வந்தால் எழுந்துவிடுவது என்று வைத்திருக்கிறேன். டோர்னமென்ட்டில் அவுட் ஆன கடுப்போடு கேஷ் மேசைக்குப் போவதை அடியோடு நிறுத்திவிட்டேன். இப்போது அவுட் ஆனால் பெரிய மேசைக்கு நான்தான் சீட்டுப் போடுகிறேன். சீட்டுப் போடுகிறவன் பார்ப்பதை ஆடுகிறவன் பார்ப்பதில்லை. நல்ல கை வந்தால் மாஸ்டர் மூச்சை இழுத்துப் பிடிப்பார், அதைக் கண்டுபிடித்தது அங்கேதான்.

காசு விஷயத்தில் எங்களுக்குள் கறாரான பேச்சு உண்டு. ஒரு ராத்திரிக்கு இரண்டு தடவைக்கு மேல் சிப் வாங்கக் கூடாது, மேசையில் யாரும் யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது, வீட்டுக்காரர் ஒரு பைசா கமிஷன் எடுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் காசை விட்டு உயிரையே விட்டவர்களைப் படித்திருக்கிறோம். 2025 ஆகஸ்டில் ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதையே தடை செய்து மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தபோது எங்கள் செட்டில் இரண்டு பேர் போனிலிருந்து ஆப்பை அழித்தார்கள். அதில் ஒருவரின் மனைவி மாஸ்டர் வீட்டுக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்பினார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. மறுபடி நாலு பேர். லாரிக்காரர், மெடிக்கல் ஷாப்காரர், மாஸ்டர், நான். டீமேக்கர் அண்ணன் அன்றைக்கு முதலில் அவுட், அடுப்புக்குப் பக்கத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாரிக்காரர் இரண்டு கையாலும் தள்ளினார். நான் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு எட்டு.

மழை இல்லாததால் சுவர்க் கடிகாரம் சத்தமாகக் கேட்டது. லாரிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டைக் கவிழ்த்தபடியே வீசிவிட்டேன்.

மாஸ்டர் மூச்சை இழுத்துப் பிடித்தார். "கால்." பத்து ஜோடி. லாரிக்காரர் கூச்சமே இல்லாமல் ராணியையும் ஐந்தையும் திறந்தார். டர்னில் ராணி வந்தது.

"உன் கையில என்ன வச்சிருந்தே தம்பி?" என்றார் மாஸ்டர்.

"ரெண்டு எட்டு, மாஸ்டர்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் எழுந்து, நாலாவது ஆளுக்கான வர்க்கியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அடுப்பில் பால் வைக்கப் போனார்.